பின்னால் போகும் கண்

வணக்கம் ஐயா,

இந்த ஆண்டு 50 புத்தகம் என்று இலக்கு வைத்துப் படிக்கிறேன். 31 முடித்தாயிற்று. ஆனால் போன மாதம் படித்ததில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டால் விழிக்கிறேன். தலைப்பு ஞாபகம் இருக்கிறது, அட்டை ஞாபகம் இருக்கிறது, உள்ளே இருந்தது போய்விட்டது. ஒரு பத்தியைப் படித்துவிட்டு மறுபடி மேலே போய்ப் படிக்கும் பழக்கம் வேறு. அதனால் வேகமும் இல்லை. வேக வாசிப்புப் பயிற்சி ஒன்றில் சேரலாமா என்று யோசிக்கிறேன். திரும்பிப் பார்ப்பதை அடியோடு நிறுத்தக் கற்றுத்தருகிறார்களாம். காகிதமா, திரையா, எது நல்லது என்பதையும் சொல்லுங்கள். இவ்வளவு மறந்துபோகிறதே, படித்து என்னதான் பயன்?

ம.

அன்புள்ள ம.,

புத்தகங்களை எண்ணுவதை முதலில் விடுங்கள். அதைப் பற்றிப் பேச வேறொன்றும் இல்லை. காகிதமா திரையா என்பதற்கும் சுருக்கமாகவே சொல்கிறேன். 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2018இல் வந்தது. தகவல் சார்ந்தவற்றைக் காகிதத்தில் படித்தவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகப் புரிந்திருந்தது. கதைகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே கதையை எதில் வேண்டுமானாலும் படியுங்கள், மற்றதைக் காகிதத்தில்.

"மேலே போய்ப் படிக்கும் பழக்கம் வேறு" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் நின்றுவிட்டேன். ஏதோ வியாதியைச் சொல்வதுபோல் சொல்கிறீர்கள். அதைக் குணப்படுத்தக் காசு வேறு கட்டப் போகிறீர்கள். உங்கள் வாசிப்பில் உருப்படியாக நடப்பது அது ஒன்றுதான் ஐயா!

கண் வரிமேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது. பிரெஞ்சுக் கண் மருத்துவர் ஜவால் 1870களின் இறுதியிலேயே இதைச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு தாவலுக்குப் பிறகும் ஏறத்தாழ கால் விநாடி நிற்கிறது. நிற்கும்போதுதான் எழுத்து தெரிகிறது. அப்போதும் கூர்மையாகத் தெரியும் இடம் மிகச் சிறியது. கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரே பார்வையில் பக்கம் முழுவதையும் அள்ளலாம் என்பவர்களிடம் அந்த நகத்தைக் காட்டிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தத் தாவல்களில் பத்துக்கு ஒன்றாவது பின்னோக்கிப் போகிறது. நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் அப்படித்தான். ஏன் என்று பார்க்க ஒரு வாக்கியம் தருகிறேன்:

நள்ளிரவில் கதவைத் திறந்து உள்ளே வந்தவள், விளக்கைப் போடாமலே நாற்காலியில் உட்கார்ந்து, கடிதத்தை இரண்டு முறை படித்தேன் என்று சொன்னது பொய்.

'பொய்' என்ற சொல்லைத் தொட்டதும் உங்கள் கண் எங்கே போனது? 'விளக்கைப் போடாமலே' என்ற இடத்துக்குத்தானே? முதல் முறை அது வெறும் வர்ணனை. இரண்டாம் முறை அது சாட்சியம். நம் மொழியில் பெரும்பாலும் பயனிலை கடைசியில் வந்து உட்காருகிறது. அதுவரை எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டே போகிறோம். கடைசிச் சொல் விழுந்ததும் ஏந்தியதில் சிலவற்றின் பொருள் மாறிவிடுகிறது. போய்ப் பார்க்காமல் எப்படி இருப்பது? படிப்பதில் இன்பம் என்று ஒன்று இருந்தால், அந்தக் கால் விநாடித் திரும்பலில் அதன் பெரும்பங்கு இருக்கிறது. அதைத்தான் நிறுத்தக் கற்றுத்தருகிறார்கள்!

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். படித்துத் தாண்டிய சொற்களைத் திரையில் உடனுக்குடன் மறைத்துவிட்டார்கள். கண் பின்னால் போனாலும் அங்கே ஒன்றும் கிடைக்காது. 2014இல் வந்த அந்த ஆய்வில், அப்படிப் படித்தவர்களுக்குப் புரிதல் குறைந்தது. சொற்களை ஒவ்வொன்றாக ஒரே இடத்தில் மின்னவிடும் செயலிகளின் கோளாறும் இதுதான்: திரும்பிப் போகப் பக்கமே இருக்காது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். திரும்புவதில் கெட்ட வகையும் உண்டு. கண் வரியில் ஓட, மனம் வேறெங்கோ இருக்க, அதே பத்தியை மூன்றாம் முறை படிப்பது. அப்போது அந்தப் பத்தியோடு மல்லுக்கட்டாதீர்கள். பிசகு பெரும்பாலும் அங்கே இருக்காது. கடைசியாக எது தெளிவாக நினைவிருக்கிறதோ அந்த இடம்வரை போங்கள், ஒரு பக்கமோ ஒன்றரைப் பக்கமோ இருக்கும். வழியில் ஒரு சொல்லையோ ஒரு வரையறையையோ அரைகுறையாக விழுங்கியிருப்பீர்கள். அங்கிருந்து படித்தும் ஏறவில்லையா? தூக்கம் வருகிறது. விளக்கை அணையுங்கள்.

நல்ல வகைக்குப் பென்சில் வேண்டும். 2பி போதும், அழுத்தினாலும் தாளைக் கிழிக்காது. எங்கே பின்னால் போனீர்களோ, அந்த வரிக்கு நேரே ஓரத்தில் சின்னதாக ஒரு கொக்கி. அடிக்கோடு வேண்டாம். மஞ்சள் மை பூசும் பேனாவைத் தொடவே தொடாதீர்கள். பூசும்போது படித்துவிட்டதாக ஒரு திருப்தி வரும், அவ்வளவுதான். பாதிப் பக்கம் மஞ்சளான பிறகு எது முக்கியம் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? படிப்பு உத்திகளை அலசிய 2013ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றும் அதற்குக் கடைசி வரிசையில்தான் இடம் கொடுத்தது. நூலகப் புத்தகம் என்றால் பென்சிலும் கூடாது. ஒரு துண்டுத்தாளில் பக்க எண்ணைக் குறித்து உள்ளே வையுங்கள்.

அத்தியாயம் முடிந்ததும் கொக்கி போட்ட இடங்களை மட்டும் ஒருமுறை பாருங்கள். பிறகு புத்தகத்தை மூடி, அரைத்தாளில் நினைவிருப்பதை எழுதுங்கள். ஐந்து நிமிடம் போதும். திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் அது நகலெடுப்பது, கைதான் வலிக்கும். எழுதி முடித்த பிறகு திறந்து, விட்டுப்போனதைச் சேருங்கள். ஒன்றுமே வரவில்லை என்றாலும் அந்த ஐந்து நிமிடம் உட்காருங்கள், தேடித் தடுமாறுவதுதான் வேலை செய்கிறது. ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் இதைக் காட்டினார்கள். ஒரு பகுதியை ஒரு குழுவினர் இருமுறை படித்தார்கள். இன்னொரு குழுவினர் ஒருமுறை படித்துவிட்டு, மூடி வைத்து நினைவுகூர்ந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் இருமுறை படித்தவர்கள் முந்தியிருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, இருமுறை படித்தவர்களுக்கு நூற்றுக்கு 42 நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 56.

நாவலுக்கு இந்த அரைத்தாள் வேண்டாம். தயவுசெய்து அதையும் பாடமாக்கிவிடாதீர்கள். கதை மறந்தால் மறக்கட்டும். மறந்த கதையை மறுபடி எடுக்கும்போது முடிவு மட்டும் மங்கலாகத் தெரியும். அந்த மங்கலோடு படித்தால், முதல் அத்தியாயத்திலேயே ஆசிரியர் விளக்கை அணைத்து வைத்திருப்பது கண்ணில் படும்.

பயன் என்ன என்று கேட்டிருந்தீர்கள். 32ஆவதை இப்போது எடுக்க வேண்டாம். அந்த 31இல் எதில் அதிகம் திரும்பித் திரும்பிப் போனீர்களோ, அதை எடுத்துக்கொண்டு பென்சிலோடு உட்காருங்கள். அது முடிந்த பிறகு எழுதுங்கள், பேசலாம். அந்தப் பயிற்சிக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள் என்றால், திரும்பக் கேளுங்கள்.