மிக்சருக்குள் குழாயடிச் சண்டை

கேள்வி: எங்கள் மாடி பாத்ரூமில் ஷவர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். போன மாதம் மொட்டை மாடியில் பிரஷர் பம்ப் வைத்தோம். பச்சைத் தண்ணீர் இப்போது சாட்டை மாதிரி அடிக்கிறது. ஆனால் மிக்சரில் (வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் குழாய்) இரண்டு பக்கமும் திறந்தால் வெந்நீர் வருவதே இல்லை. கீசர் நன்றாகச் சூடாகிறது. பிளம்பர் மிக்சரை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?
- வாசகி, திருநெல்வேலி

மாற்றாதீர்கள். பணம் மிச்சம்.

முதலில் ஒரு சோதனை. பச்சைத் தண்ணீர் பக்கத்தை முழுசாக மூடிவிட்டு வெந்நீரை மட்டும் திறந்து பாருங்கள். மெல்லிசாக, ஆனால் சூடாக வருகிறதா? அப்படியானால் மிக்சரும் கீசரும் நிரபராதிகள். பம்ப் வைத்தவர் பச்சைத் தண்ணீர் லைனை மட்டும் அதில் சேர்த்துவிட்டு, கீசருக்குப் போகும் லைனைப் பழையபடி டேங்கிலேயே விட்டிருக்கிறார். ‘கீசருக்கு பிரஷர் ஆகாது’ என்ற பயம்தான் காரணமாக இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கொடுக்கும். உங்கள் டேங்க் ஷவருக்கு மேலே 2 மீட்டர் இருந்தால் வெந்நீர் பக்கம் வெறும் 0.2 பார். வீட்டுக்கு வைக்கிற சின்ன பம்ப் சாதாரணமாக ஒன்றரை, இரண்டு பார் தள்ளும். ஒரே கதவை இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் ஒருவர் தள்ளுகிற கதை. வெந்நீர் மிக்சருக்குள் தலைகாட்டவே முடியாது. அதோடு போகாமல், லைனில் என்ஆர்வி (ஒருபக்கமாக மட்டும் தண்ணீரை விடும் வால்வு) இல்லையென்றால் பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்து, கீசர் வழியாக மறுபடி டேங்குக்கே ஏறிவிடும். பம்ப் ஓடும், தண்ணீர் சுற்றும், கரண்ட் பில் ஏறும்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் இதே புகாருக்கு ஒரு வீட்டில் இரண்டு மிக்சரை மாற்றியிருக்கிறேன். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது தற்செயலாக வெந்நீர்க் குழாயில் புறங்கை பட்டது. ஐஸ் மாதிரி இருந்தது. மேலே போய் டேங்க் மூடியைத் திறந்தால், கீசருக்குத் தண்ணீர் இறங்க வேண்டிய துளையிலிருந்து தண்ணீர் மேலே குமிழியிட்டு வந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து ஸ்பேனரை எடுக்கும் முன் குழாயைத் தொட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

சரி, தீர்வு. இரண்டு லைனும் ஒரே பம்பிலிருந்து புறப்பட வேண்டும். கீசர் தாங்குமா என்பது அதன் மேல் ஒட்டியிருக்கும் தகட்டிலேயே இருக்கும்: 0.8 எம்பிஏ (MPa) என்றிருந்தால் 8 பார். உங்கள் பம்ப் அதன் பக்கத்தில்கூட வராது. பழைய காலத்துத் திறந்த வகை பாய்லர் என்றால் மட்டும் வேண்டாம். வெந்நீர் லைனில் சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் இருக்கிறதா என்றும் பாருங்கள். செலவைக் குறைக்க சாதாரண பிவிசி போட்டிருந்தால் அதை மாற்றாமல் பம்பைச் சேர்க்கவே கூடாது.

அப்புறம் மிக்சருக்கு முன்னால் இரண்டு லைனிலும் ஆளுக்கொரு என்ஆர்வி. வால்வின் உடம்பில் இருக்கும் அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைப் பார்க்க வேண்டும். பம்ப் இருப்பதால் ஸ்பிரிங் வகை போடலாம். பம்ப் இல்லாத வீட்டுக்காரர்கள் அதைப் போட்டால் ஸ்பிரிங்கைத் தள்ளவே இருக்கிற கொஞ்ச பிரஷரும் செலவாகிவிடும். அவர்களுக்கு உள்ளே மடல் ஆடுகிற வகைதான் சரி, அதையும் படுக்கை வசமாக மாட்ட வேண்டும்.

கடைசியில் ஒரு வாளி வேலை. 10 லிட்டர் வாளியை வெந்நீரில் மட்டும் நிரப்பி எத்தனை விநாடி என்று பாருங்கள், பிறகு பச்சைத் தண்ணீரில். வேகமாக வரும் பக்கத்து கன்சீல்டு வால்வைக் (சுவருக்குள் பதித்த வால்வு) கொஞ்சம் கொஞ்சமாக மூடி, இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். ‘அப்படியானால் லைனை மாற்றாமலே பச்சைத் தண்ணீர் வால்வை ஒடுக்கிவிட்டால் போதாதா?’ என்று பிளம்பர் கேட்பார். போதாது. வால்வை ஒடுக்கினால் ஓட்டம்தான் குறையும். ஷவர் அடைத்துக்கொண்டு ஓட்டம் நின்றால் முழு பிரஷரும் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: கீசருக்கு அடியில் உள்ள வால்விலிருந்து சூடேறும்போது மட்டும் தண்ணீர் சொட்டுகிறது. அடைத்துவிடலாமா?
- வாசகர், கும்பகோணம்

ஐயா, அதை மட்டும் செய்யாதீர்கள். அது சேஃப்டி வால்வு. தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் கீசர் 60 டிகிரிக்குப் போகும்போது சுமார் ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதலாகும். அது எங்கேயாவது போக வேண்டுமே, அங்கேதான் சொட்டுகிறது. ஒரு வீட்டில் அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்திருந்ததைப் பார்த்துக் கைகால் நடுங்கிவிட்டது. ஒரு சின்ன டியூபைச் சொருகி வடிகாலுக்கு விடுங்கள். சுவிட்சை அணைத்து, ஆறின பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தால் வால்வில் உப்பு படிந்திருக்கும், இல்லை லைனில் பிரஷர் கூடுதலாக இருக்கும். அப்போது பிளம்பரைக் கூப்பிடுங்கள். அந்த வால்வுக்கும் கீசருக்கும் நடுவில் வேறு வால்வு எதுவும் இருக்கக் கூடாது என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: புது வீட்டு வாஷ்பேசினில் இடது பக்கம் திருப்பினால் பச்சைத் தண்ணீர், வலது பக்கம் வெந்நீர். சுவரை உடைக்க வேண்டுமா?
- வாசகி, ஓசூர்

வேண்டாம்மா. இடது சூடு, வலது குளிர் என்பதுதான் வழக்கம். மாற்றி மாட்டிவிட்டார்கள். பேசினுக்கு அடியில் இரண்டு ஹோஸையும் கழற்றி இடம் மாற்றி முடுக்கினால் தீர்ந்தது. ஐந்து நிமிட வேலை. ஹோஸ் புறப்படும் இடத்தில் சுவரில் இருக்கும் சின்னக் குழாய்கள் (ஆங்கிள் காக்) இரண்டையும் மூடிவிட்டு, கீசரையும் அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஹோஸ் முனையில் இருக்கும் கறுப்பு வாஷர் கீழே உருண்டு ஓடிவிடும், கையை வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.