செருப்பு கழன்றது தெரியவில்லை, உட்கார்ந்தால் எழ முடியவில்லை

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. சிவகிரி பக்கம் மஞ்சள் காடு பார்க்கிறார். 11 வருடமாகச் சர்க்கரை. மெட்பார்மினும், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாட்டினும் சாப்பிடுகிறார். இரண்டு பாதமும் மரத்துவிட்டது, செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை என்கிறார். நாலைந்து மாதமாகக் கீழே உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. உள்ளூரில் வாரம் ஒரு ‘நரம்பு ஊசி’ போடுகிறார்கள். சொந்தக்காரர்கள் முதுகுக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாம். இத்தனை வருடம் காட்டு வேலை பார்த்த முதுகை ஸ்கேன் எடுத்தால் ஜவ்வு விலகல், தேய்மானம் என்று அநேகமாக ஏதாவது தெரியும். அப்புறம் எல்லோரும் அதையே பிடித்துக்கொள்வார்கள். சிறுநீர், மலம் போவதில் சிக்கலோ, முதுகிலிருந்து ஒரு காலுக்கு இறங்கும் வலியோ இருந்தால் மட்டும் பேச்சு வேறு.

உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரு தொல்லை அல்ல, இரண்டு என்று நினைக்கிறேன்.

பாதம் மரப்பது நரம்பு விஷயம். இடுப்புப் பக்கம் தொடங்கி கால் விரல் வரை ஓடும் நரம்பிழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். சர்க்கரை முதலில் கெடுப்பது இப்படி நீளமான இழைகளைத்தான். அதனால் இரண்டு காலிலும் விரல் நுனியில் ஆரம்பித்து மேலே ஏறும். முழங்கால் பக்கம் வரும்போது கைவிரல் நுனியும் மரக்கத் தொடங்கும். “பஞ்சு மேல நடக்கறாப்பல இருக்குதுங்க” என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்வது இதைத்தான். கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனிகளை லேசாகத் தொட்டுப் பாருங்கள். மருத்துவர் இதையே 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையாலும், அதிரும் இசைக்கவையாலும் பார்ப்பார். மெட்பார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவதுண்டு. அதுவும் இதே மாதிரி மரக்க வைக்கும்.

ஆனால் எழுந்திருக்க முடியாமல் போவது இதில் சேராது. உட்கார்ந்து எழுவது தொடை, இடுப்புத் தசைகளின் வேலை. விரல் நுனியில் இருக்கிற நரம்புக் கோளாறு அவ்வளவு மேலே சீக்கிரம் எட்டாது. தசையே கெட்டால்தான் பெரும்பாலும் இப்படி உடம்பின் நடுப்பகுதியில் வலு போகும்: பஸ் படி ஏற முடியாது, பரண் மேல் சாமான் வைக்கக் கை உயராது, ஆனால் தொடு உணர்வு அப்படியே இருக்கும். அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். முட்டி வலியால் எழ முடியவில்லையா, வலியே இல்லாமல் தெம்பு வரவில்லையா? முதலாவது மூட்டு, இரண்டாவது தசை. அடோர்வாஸ்டாட்டின், தைராய்டு குறைவு, வைட்டமின் டி குறைவு மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். ஒரு விதிவிலக்கும் உண்டு. ஒரு தொடையில் கடும் வலி வந்து, தொடை மெலிந்து, எடையும் இறங்கியிருந்தால் அது சர்க்கரை தொடை நரம்புகளைத் தாக்கிய கோளாறாக இருக்கலாம்.

அந்த நரம்பு ஊசியை, பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் வரை நிறுத்தி வையுங்கள். அதில் பெரும்பாலும் பி12 இருக்கும். போட்டுக்கொண்டே பரிசோதித்தால் அளவு தாராளமாகக் காட்டும், உண்மையில் குறைவு இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இடுப்பில் குத்தும் ஊசி சி.கே. என்ற தசை நொதியையும் கூட்டிக் காட்டலாம். முதல் நாள் மண்வெட்டி பிடித்து வேலை செய்தாலும் அது கூடும். கடைசி ஊசி எப்போது போட்டது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மூன்று மாதச் சர்க்கரை, பி12, டி.எஸ்.எச். (தைராய்டுக்கு), வைட்டமின் டி, கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), சி.கே. ஆகியவை முதலில் போதும்.

அதன்பிறகு நரம்பியல் மருத்துவர் நரம்புக் கடத்தல் சோதனை கேட்பார். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. காலில் பட்டைகளை ஒட்டி, நரம்பின் மேல் சின்ன மின்தூண்டல் தருவார்கள். சுரீர் என்று விரல் துள்ளும், அவ்வளவுதான். அன்று காலில் எண்ணெய் தடவ வேண்டாம். அடுத்து ஈ.எம்.ஜி.: மெல்லிய ஊசியைத் தொடைத் தசைக்குள் இறக்கி, காலை இறுக்கச் சொல்லி, அதன் மின்சத்தத்தை ஸ்பீக்கரில் கேட்பார்கள். ஓய்வாக இருக்கிற நல்ல தசை சத்தம் போடாது. நோயுற்றது பல நேரம் படபடவென்று பொரியும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்னமே சொல்லிவிடுங்கள். பாதம் எரிந்துகொண்டே இருந்து கடத்தல் சோதனை சரியாக வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. மிகச் சிறிய இழைகளை அந்தச் சோதனை பிடிக்காது.

மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை சில. மது. செந்தூரம், பஸ்பம் ஏதாவது (தரமில்லாதவற்றில் ஈயமும் ஆர்சனிக்கும் இருந்து நரம்பைக் கெடுத்திருக்கின்றன). காட்டுக்கு அடித்த மருந்து உடம்பில் ஏறி மயங்கி விழுந்தது. தோலில் உணர்வில்லாத வெளிறிய தேமல். இது தொழுநோயாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம், குணமாகும்.

அடோர்வாஸ்டாட்டினை நீங்களாக நிறுத்தாதீர்கள். சி.கே. முடிவைப் பார்த்து, எழுதிக் கொடுத்தவரே சொல்லட்டும். சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால் மட்டும் அன்றைக்கே காட்டுங்கள். காலில் தொடங்கிய பலவீனம் நாலைந்து நாளில் கைக்கு ஏறினாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ, மூச்சு வாங்கினாலோ எந்தச் சோதனைக்கும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.