முறைப்பாடு யாருடையது, தம்பி?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் அம்மாவின் பெயரில் இருந்த வீடும் 20 பேர்ச் வளவும் தங்கச்சிக்கு நன்கொடை உறுதியாக எழுதப்பட்டிருக்கிறது. உறுதியின் போட்டோ பிரதியில் இருக்கிற கையெழுத்து அம்மாவுடையது போல் இல்லை. பொலிசில் முறைப்பாடு கொடுத்து நான்கு மாதம், ஒன்றும் நடக்கவில்லை. தங்கச்சியின் புருஷன், என் மச்சானுக்கு அங்கே ஆட்களைத் தெரியும். சுயாதீன விசாரணை கேட்டுக் கொழும்புக்கு மூன்று மனு அனுப்பிவிட்டேன். அம்மாவுக்கு 78 வயது, தங்கச்சியோடுதான் இருக்கிறா. பிரஷர் என்பதால் அவவிடம் எதுவும் கேட்கவில்லை. நான் இருப்பது மனைவிக்குச் சீதனமாக வந்த வீட்டில். இனி யாரிடம் போவது?
- ஆரையம்பதி வாசகர்

பதில்: தம்பி, மூன்று மனு எழுதிய கை அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் கடிதத்தில் நான் அதைத் தாண்டிப் போக முடியாமல் நிற்கிறேன். பிரஷர் கூடும் என்கிறீர்கள். சரி, நீங்கள் கேட்ட விசாரணை வந்து, கொழும்பிலிருந்து அதிகாரிகள் ஜீப்பில் வாசலில் இறங்கி, "இது உங்கள் கையெழுத்தா?" என்று அந்த மனுஷியிடம் கேட்டால் அப்போது கூடாதா? எந்த விசாரணையானாலும் முதல் வாக்குமூலம் அவவுடையதுதான். காணி அவவின் காணி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்தாலும் பரவாயில்லை. மட்டக்களப்பில் வீடு வளவு பெண்பிள்ளைக்குப் போவது இன்று நேற்று வந்த வழக்கமா? நீங்கள் குடியிருப்பதே மனைவிக்குச் சீதனமாக வந்த வீடு என்று கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அம்மாவைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, கிளினிக்குக்குக் கூட்டிப் போகிற மகளுக்கு அவ மனமறிந்து கொடுத்திருந்தால் அதில் கை வைக்க உங்களுக்கு உரிமை இல்லை என்பதுதான் என் எண்ணம்.

ஆனால் அவ கொடுக்கவில்லை என்றால் நான் உங்கள் பக்கம். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி உறுதி நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்தாக வேண்டும், அதன் இரட்டைப் பிரதியொன்று காணிப் பதிவகத்துக்குப் போகும். போட்டோவை விட்டுவிட்டு அங்கே அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுங்கள். சாட்சிகள் யார் என்று பாருங்கள். அம்மாவின் பழைய வங்கிப் புத்தகம், தபாற்கந்தோர் புத்தகம், அவ கையெழுத்து விழுந்த எந்தத் துண்டையும் எறிய விடாதீர்கள், கையெழுத்தை அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்பி ஒப்பிட அவை வேண்டும். கள்ளக் கையெழுத்தென்றால் அது குற்றம், பொலிஸ் விசாரித்தே ஆக வேண்டும். காணி யாருக்கு என்பது வேறு கதை, அதை மாவட்ட நீதிமன்றம்தான் தீர்க்கும். பொலிஸ் முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் வழக்குப் போட்டாலும் தற்போதைக்கு ஆட்சி யாரிடம் இருப்பது என்றுதான் முடிவாகும்.

அப்புறம், முறைப்பாட்டை அம்மாவின் வாயால் கொடுக்கச் செய்யுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். அதற்குப் பிறகும் நிலையத்தில் இழுத்தடித்தால் அந்த இலக்கத்தோடு மேலே உள்ள பொலிஸ் அத்தியட்சகருக்கும், தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்கும் எழுதுங்கள். "மச்சானுக்கு ஆட்களைத் தெரியும்" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எத்தனையாம் திகதி போனீர்கள், யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அதெல்லாம் பிறகு. இந்த ஞாயிற்றுக்கிழமை கல்முனை பஸ்ஸில் ஏறுங்கள். மனு, போட்டோ ஒன்றும் கொண்டு போக வேண்டாம். தங்கச்சி சமையலில் இருக்கிற நேரம் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, "அம்மா, நொத்தாரிசிட்ட போய்க் கையெழுத்து வெச்ச நீங்களா?" என்று மெதுவாகக் கேளுங்கள். அவ இல்லையென்றால் திங்கட்கிழமையே ஒரு சட்டத்தரணியிடம் அவவைக் கூட்டிப் போங்கள். "ஓம் மகன், நான்தான் குடுத்தன்" என்றால், தங்கச்சியைக் கூப்பிட்டுச் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு வந்து, அந்த மூன்று மனுவையும் வாபஸ் வாங்குங்கள்.