கேளுங்க, பேசலாம்: கிழிஞ்ச ஃபேமிலி ட்ரீயும் வெந்தயக் கூடையும்

கேள்வி: அக்கா, பொண்ணை 5 வயசுல தத்தெடுத்தோம், இப்ப ரெண்டாவது படிக்கிறா. ஸ்கூல்ல ஃபேமிலி ட்ரீ வரைஞ்சு போட்டோ ஒட்டிட்டு வரச் சொன்னாங்க. பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டு பேசாம படுத்துட்டா. படம் வரையறதுன்னா அவளுக்கு உசுரு, அதான் பயமா இருக்கு. என்ன பண்ணலாம்?
- வாசகி, ஈரோடு

பதில்: அந்த ஹோம்வொர்க்கை முதல்ல விடுங்கம்மா. டீச்சர்கிட்ட தனியா போய், 'எங்க வீட்டுல யார் யாருன்னு வேற மாதிரி வரைஞ்சு தர்றோம்'னு சொல்லுங்க, தத்துக் கதை முழுசையும் அங்க அவிழ்க்க வேண்டியதில்ல. அஞ்சு வயசுல வந்த பிள்ளைக்கு, முன்னாடி இருந்த குழந்தைகள் ஹோம்ல சோறு ஊட்டின ஆயா, பக்கத்துல படுத்த பிள்ளைன்னு நிறைய ஞாபகம் இருக்கும், அவங்களுக்கு அந்த மரத்துல ஒரு கிளைகூட இல்லன்னா அவ யாரை எங்க கொண்டுபோய் வைப்பா சொல்லுங்க?

மரத்துக்குப் பதிலா நிறைய ஜன்னல் வச்ச வீடு ஒண்ணு வரையலாம். எந்த ஜன்னல்ல யாரை வேணும்னாலும் வைக்கலாம், தெருநாய் உட்பட. நீங்களும் பக்கத்துல உக்காந்து உங்களுக்குன்னு ஒண்ணு வரையுங்க, அவளோடதை எட்டி எட்டிப் பார்க்காதீங்க. 'இது யாரு, அது ஏன்'னு ஆரம்பிச்சீங்கன்னா படம் பரீட்சையாயிடும். ஒரு ஜன்னலைக் காலியா விட்டான்னா விடட்டும்.

கொஞ்ச நாள் போகட்டும், ரெண்டு பேரும் சேர்ந்து அவளோட கதையை ஒரு ஆல்பமா பண்ணுங்க, கவுன்சிலிங் குடுக்கிறவங்க இதை லைஃப் ஸ்டோரி புக்னு சொல்வாங்க. தத்தெடுக்கும்போது குழந்தையைப் பத்தின ரிப்போர்ட், மெடிக்கல் ரிப்போர்ட் குடுத்திருப்பாங்க இல்ல, அதுல அவ வயசுக்குச் சொல்லக்கூடியதை எடுத்துக்கலாம். தத்தெடுத்து 2 வருஷம் வரைக்கும் 6 மாசத்துக்கு ஒரு தடவை பிள்ளை எப்படி இருக்கான்னு பார்க்கிற ஃபாலோ-அப் உண்டு, அடுத்த தடவை வர்றவங்ககிட்ட ஹோம் கட்டடத்தோட போட்டோ கிடைக்குமான்னு கேளுங்க. ஒட்டுறதெல்லாம் ஜெராக்ஸா இருக்கட்டும், ஒரிஜினல் பீரோல இருக்கணும், ஏன்னா கோவம் வந்தா இதையும் கிழிப்பா, கிழிக்கட்டுமே. பைண்ட் பண்ணாம ஃபைல்ல போடுங்க, வேண்டாத பக்கத்தை அவளே எடுத்து வச்சுக்கலாம். பெத்தவங்களைப் பத்தி தெரியாததை அழகா ஜோடிச்சு எழுதாதீங்க, திட்டியும் எழுதாதீங்க, 'அவங்களால வளர்க்க முடியல, காரணம் எங்களுக்குத் தெரியல'ன்னா அவ்வளவுதான். தீபாவளிக்கு வர்ற சொந்தக்காரங்ககிட்ட ஆல்பத்தை எடுத்துக் காட்டுற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்!

கேள்வி: என் தங்கச்சியும் மாப்பிள்ளையும் தவறிட்டாங்க, அவங்க பையன் 9 வயசு, எங்ககூடதான் இருக்கான். கையில கிடைச்சதெல்லாம் கிழிக்கிறான், உடைக்கிறான். ட்ராயிங் கிளாஸ்ல சேர்த்தேன், உக்கார மாட்டேங்கிறான்.
- வாசகர், திண்டுக்கல்

பதில்: கிழிக்கிற பிள்ளைக்கு கிழிக்கிற வேலையையே குடுங்க சார். நம்ம பாட்டிங்க பேப்பர் கூழ்ல கூடை பண்ணுவாங்களே, அதான். பழைய நியூஸ்பேப்பரை ஒரு பக்கெட் நிறைய அவன் இஷ்டத்துக்குக் கிழிக்கட்டும், தண்ணியில ஊறவச்சு, ஊறின வெந்தயத்தையும் போட்டு அரைச்சு, கவுத்து வச்ச பானை மேல துணி விரிச்சு அப்பி வெயில்ல காயவைங்க. வெந்தயம் பிசினாவும் பிடிக்கும், அந்தக் கசப்புக்கு பூச்சியும் கிட்ட வராது. காய நாளாகும், அதுவும் நல்லதுதான், 'நாளைக்குப் பார்க்கலாம்'னு ஒண்ணு அவனுக்காகக் காத்துட்டு இருக்கும். கோணலா வந்தா திருத்தாதீங்க, அதுல வெங்காயம் போட்டு வைங்க, வீட்டுக்கு உபயோகப்படுதுன்னு அவன் கண்ணால பார்க்கணும். கிளாஸை இப்போதைக்கு நிறுத்திடலாம், அங்க மார்க் போடுறாங்க.

இன்னொண்ணு, உங்க மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல கேட்டுப் பாருங்க, உறவினர் வீட்டுல வளர்ற இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்துல மாசம் 4,000 ரூபா உதவித்தொகை இருக்கு, வருமான வரம்பு உண்டு.

கேள்வி: எங்க வளர்ப்புப் பையன் எதை வரைஞ்சாலும் கறுப்பு க்ரேயான்தான் எடுக்கிறான். மனசுல ஏதோ இருக்குன்னு அர்த்தமா?
- வாசகி, திருச்சி

பதில்: டப்பாவுல மத்ததெல்லாம் உடைஞ்சு கிடக்கான்னு பாருங்க முதல்ல. கலரை வச்சு ஜோசியம் பார்க்காதீங்கம்மா. ஆனா வரைஞ்சுட்டு இருக்கும்போதே 'இந்த மாமா என்னை அடிப்பாரு'ங்கிற மாதிரி ஏதாவது அவன் வாயில வந்துச்சுன்னா பதறாம முழுசாக் கேளுங்க, தோண்டித் தோண்டிக் கேட்காதீங்க, அவன் சொன்ன வார்த்தையிலயே எழுதி தேதி போட்டு வச்சுட்டு குழந்தைகள் ஹெல்ப்லைன் 1098-க்கு போன் பண்ணுங்க.