டாலி எழுதியது, விட்னி பாடியது: கேள்வி பதில்

கேள்வி: ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ காதல் பாட்டுத்தானே? அண்ணன் திருமண வரவேற்பில்கூட அதைப் போட்டார்கள்.

பதில்: வரவேற்பில் போடத்தக்க பாட்டு அன்று, அது விடைபெறும் பாட்டு. ‘கன்ட்ரி’ எனப்படும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடகர் போர்ட்டர் வேகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 1967 முதல் பாடிவந்த பாடகி டாலி பார்ட்டன், தனித்துப் பாட விரும்பியபோது வேகனர் அவரை எளிதில் விடுவதாக இல்லை. வாதாடிச் சலித்த டாலி, வாயால் சொல்லி முடியாததைப் பாட்டாக எழுதி அவர்முன் பாடிக்காட்டினார். நான் இருந்தால் உங்களுக்கு இடைஞ்சல்தான் என்றுதான் பாட்டே தொடங்குகிறது. 1973இல் நாஷ்வில் நகரில் பதிவாகி, 1974இல் கன்ட்ரி பாடல்களின் பட்டியலில் முதலிடம் பெற்றது.

கேள்வி: எல்விஸ் பிரெஸ்லி பாடவிருந்தாராமே?

பதில்: விரும்பினார். ஆனால் பதிப்புரிமையில் பாதியை எழுதித் தர வேண்டும் என்று அவருடைய மேலாளர் டாம் பார்க்கர் கேட்டதால் டாலி மறுத்துவிட்டார். அன்றிரவு அழுததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

கேள்வி: பாடகி விட்னி ஹூஸ்டனிடம் எப்படி வந்தது?

பதில்: 1992இல் விட்னி நடித்த ‘தி பாடிகார்ட்’ படத்துக்கு இப்பாடலைப் பரிந்துரைத்தவர் அதன் நாயகன் கெவின் காஸ்ட்னர். விட்னியின் பதிவுக்கு இசைத் தயாரிப்பாளரான டேவிட் ஃபாஸ்டர் முன்மாதிரியாகக் கொண்டது லிண்டா ரான்ஸ்டட் 1975இல் பாடிய பதிவை. அதில் கடைசிச் சரணமே இல்லை. தொலைபேசியில் பேசியபோது டாலி சொல்லித்தான் ஃபாஸ்டருக்கு அப்படியொரு சரணம் இருப்பது தெரியவந்தது. வாழ்வு உங்களிடம் கனிவாக இருக்கட்டும் என்று வாழ்த்தும் அந்தச் சரணம் இல்லாமல் இப்பாட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கேள்வி: இரண்டுக்கும் இசையில் என்ன வேறுபாடு? எது சிறந்தது?

பதில்: நான் சொன்ன அந்தச் சரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டாலி அதைப் பாடுவதில்லை. விம்மலை அடக்கிக்கொண்டு எதிரில் இருப்பவரிடம் பேசுவதுபோல் பேசிவிட்டு, பிறகுதான் பல்லவிக்குத் திரும்புகிறார். விட்னியோ வாத்தியத் துணையே இல்லாமல் ஏறக்குறைய முக்கால் நிமிடம் தனிக்குரலில் தொடங்குகிறார். பின்னால் சாக்ஸபோன் இடையிசையும் சரணமும் முடிந்து ஒரு கணம் எல்லாம் அடங்க, ஒரே ஒரு டிரம் அடி விழுகிறது, சுருதி ஒரு முழுச் சுரம் மேலேறிப் பல்லவி வெடிக்கிறது. அந்த இடத்தில் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும். ஆயினும் கேட்டால் டாலியின் பக்கமே நிற்பேன்: பிரிகிறவர் அவ்வளவு உரக்கப் பேசமாட்டார்.

கேள்வி: தம் பாட்டை இன்னொருவர் பாடிப் புகழ்பெற்றது டாலிக்கு வருத்தமில்லையா?

பதில்: இல்லை. விட்னியின் பதிவு அமெரிக்காவில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. உரிமையைக் கைவிடாத டாலிக்கு அதனால் பெரும் வருவாய் கிடைத்தது. கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது வானொலியில் அதை முதன்முறை கேட்டவர், தம் பாட்டுத்தான் என்று உறைத்ததும் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்றாம்.