வாந்திக்கு நடுவே ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுப்பது எப்படி?

கேள்வி: பேரனுக்கு எட்டு மாதம், 7 கிலோ. முந்தாநாள் காய்ச்சல், வாந்தி. நேற்றிலிருந்து தண்ணீராகப் போகிறது. கண் குழிந்துவிட்டது. ஓ.ஆர்.எஸ். கொடுத்தால் கக்குகிறான். டாக்டர் ‘ரோட்டா வைரஸாக இருக்கும்’ என்றார், ஆன்டிபயாடிக் தரவில்லை. பாலை நிறுத்தலாமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: நிறுத்தவே கூடாது. தாய்ப்பாலும் குழைந்த கஞ்சியும் தொடரட்டும். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. டாக்டர் செய்தது சரி.

இந்த வைரஸ் சிறுகுடலின் உறிஞ்சும் செல்களை அழிக்கிறது. ஆனாலும் உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து உள்ளே போகும் வழி ஓரளவு திறந்தே இருக்கும். அவற்றின் பின்னால் தண்ணீரும் போகும். அதனால்தான் அளவு முக்கியம். 20.5 கிராம் பாக்கெட் முழுவதையும் 1 லிட்டரில் கரையுங்கள். டம்ளரில் கண்ணளவாகத் தூளைப் போட்டால் உப்பு கூடிப்போகும், அது ஆபத்து. உங்கள் பக்கம் குடிதண்ணீரில் பதிமுகம் என்ற மரச்சீவலைப் போட்டுக் காய்ச்சும் வழக்கம் உண்டு. இதற்கு வெறும் தண்ணீரைக் காய்ச்சி ஆறவையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

கண் குழிந்த குழந்தைக்குக் கிலோவுக்கு 75 மில்லி, அதாவது 525 மில்லி, நான்கு மணி நேரத்தில் போக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உட்கார்ந்து கொடுங்கள். பாட்டிலில் மடமடவென்று கொடுப்பதால்தான் கக்குகிறான். இரண்டு நிமிடத்துக்கு ஒரு 5 மில்லி ஸ்பூன் கொடுத்தால் மணிக்கு 150 மில்லி, கணக்குக்குப் போதும். கக்கினால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். தெளிந்தபின் ஒவ்வொரு முறை போகும்போதும் 50 முதல் 100 மில்லி. ஜிங்க் 20 மி.கி. தினம் ஒரு வேளை, 14 நாள். பேதி நின்றாலும் பாதியில் விடாதீர்கள்.

துவண்டு கிடந்தாலோ, குடிக்க முடியாமல் போனாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொண்டையில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லும் நாட்டு வைத்தியரிடம் தொக்கம் எடுக்கப் போய் அந்த நேரத்தை இழக்காதீர்கள்.

கேள்வி: மகளுக்கு அம்மா வீட்டில் ரோட்டா தடுப்பு மருந்து முதல் டோஸ் ஐந்து சொட்டு விட்டார்கள். இங்கே சிரிஞ்சில் நிறைய ஊற்றினார்கள். வேறு மருந்தா?
– வாசகி, களியக்காவிளை

பதில்: நோய் ஒன்றுதான், தயாரிப்பு வேறு. ரோட்டாவாக் 5 சொட்டு. ரோட்டாசில் 2 அல்லது 2.5 மில்லி. இரண்டும் வாய்வழிதான். 6, 10, 14 வாரங்களில் மூன்று டோஸ். கிடைப்பதை வைத்து முடிக்கலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முதல் டோஸ் மட்டும் ஒரு வயதுக்குள் விழுந்திருக்க வேண்டும். மாநில எல்லை தாண்டும்போதெல்லாம் தடுப்பூசி அட்டை கையில் இருக்கட்டும். இது எல்லாப் பேதியையும் தடுக்காது. டிரிப்ஸ் ஏற்றும் நிலைக்குக் கொண்டுபோகும் ரோட்டா பேதியைப் பெருமளவு குறைக்கும். தடுப்பு மருந்து வருமுன் இந்தியாவில் பேதியால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஐந்து வயதுக்குட்பட்டோரில் 100க்கு ஏறக்குறைய 40 பேருக்கு இந்த வைரஸே காரணம்.