மாணவர்கள் கேட்டது பணத்தைப் பற்றிய கேள்வி

"2024 இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பாலஸ்தீனத்துக்காக மாணவர்கள் கூடாரம் போட்டுப் போராடினார்களே, எங்கோ நடக்கும் போருக்கு ஒரு பல்கலைக்கழகம் என்ன செய்ய முடியும்? அவர்கள் உண்மையில் கேட்டது என்ன, ஏதாவது நடந்ததா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர்கள் கேட்டது மிகக் குறிப்பான ஒன்று. நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நிலைநிதி அப்போது சுமார் 1,360 கோடி டாலர். நன்கொடையாக வந்த பணத்தைச் செலவழிக்காமல் முதலீட்டில் போட்டு, அதன் வருவாயில் பல்கலைக்கழகத்தை நடத்துவதற்கான மூலதனம் அது. அந்தப் பணம் எந்தெந்த நிறுவனங்களில் இருக்கிறது என்பதை வெளியிட வேண்டும், இஸ்ரேலின் போரிலும் ஆக்கிரமிப்பிலும் இலாபம் பார்க்கும் நிறுவனங்களிலிருந்து அதைத் திரும்பப் பெற வேண்டும் என்பதுதான் மையக் கோரிக்கை. போராட்டத்தைப் பற்றிய செய்திகளைக் கடந்த இரண்டு ஆண்டுகளாகப் படித்துவரும் எனக்கு மிகவும் வருத்தமளிப்பது, கூடாரம், முழக்கம், கைது ஆகியவற்றைப் பற்றி எழுதப்பட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இந்தக் கோரிக்கையைப் பற்றி எழுதப்படவில்லை என்பதே.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2013 மார்ச்சில் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் ஈழத் தமிழர்களுக்கு நீதி கேட்டு உண்ணாநிலை இருந்தபோது, நான் திருச்சியில் ஒரு கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பிரபாகரனின் பன்னிரண்டு வயது மகன் பாலச்சந்திரனின் கடைசிப் படங்கள் வெளிவந்திருந்த நேரம் அது. எங்கள் கல்லூரி வாசலிலும் நாங்கள் உட்கார்ந்தோம். சில நாள்களில் கல்லூரிகளுக்குக் காலவரையற்ற விடுமுறை அறிவித்து, விடுதிகளைக் காலி செய்யச் சொன்னார்கள். "வேறு நாட்டு விஷயம், உனக்கென்ன?" என்று அன்று எங்களிடம் கேட்காதவர்கள் குறைவு. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால், நியூஜெர்சியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான் 2024 ஏப்ரலில் ஒரு மாலை வேலை முடிந்து, 116 ஆம் தெருவில் உள்ள கொலம்பியாவின் வாயில்வரை இரயிலேறிப் போய் நின்றதற்குக் காரணம் அதுதான். அடையாள அட்டை இல்லாதவர்களை உள்ளே விடவில்லை. கம்பி வேலிக்கு வெளியிலிருந்து முழக்கங்களை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், ஏறத்தாழ 250 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அதன்பின் தொடங்கிய போரில், காசா சுகாதார அமைச்சகத்தின் கணக்குப்படி, 2024 ஏப்ரலுக்குள் 34,000 க்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் இறந்திருந்தார்கள். அந்த ஏப்ரல் 17 ஆம் நாள் விடியற்காலையில் கொலம்பியாவின் புல்வெளியில் கூடாரங்கள் எழுந்தன. அதே நாள் பல்கலைக்கழகத் தலைவர் மினூஷ் ஷஃபிக், வளாகத்தில் யூத வெறுப்பைத் தடுக்கத் தவறினாரா என்ற கேள்விக்கு வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபைக் குழுவின் முன் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்பு அதே குழுவின் முன் தடுமாறிய பென்சில்வேனியா, ஹார்வர்டு பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் இருவரும் பதவி விலக நேர்ந்திருந்தது. அந்த அச்சத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால்தான், மறுநாள் அவர் நியூயார்க் காவல்துறையை உள்ளே அழைத்தது புரியும். 108 பேர் கைதானார்கள். அவர்கள் அமைதியாகவே இருந்தார்கள், எதிர்ப்பு எதுவும் காட்டவில்லை என்று காவல்துறையின் மூத்த அதிகாரி ஒருவரே சொன்னார்.

இங்கே ஒரு விதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1968 இல் வியட்நாம் போரை எதிர்த்தும், ஹார்லெம் பகுதி மக்களின் பூங்காவில் பல்கலைக்கழகம் உடற்பயிற்சிக்கூடம் கட்டுவதை எதிர்த்தும் கொலம்பியா மாணவர்கள் கட்டடங்களைக் கைப்பற்றினார்கள். அப்போது காவலர்கள் நுழைந்து சுமார் 700 பேரைக் கைது செய்தார்கள். அந்தக் காயத்திலிருந்து பிறந்ததுதான் பேராசிரியர்களும் மாணவர்களும் இடம்பெறும் அவையான பல்கலைக்கழகச் செனட். காவல்துறையை அழைப்பதற்கு முன் அதன் செயற்குழுவைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற விதியும் அப்படி வந்ததே. 2024 இல் செயற்குழு ஒருமனதாக வேண்டாம் என்றது. அதன் பிறகும் காவலர்கள் வந்தார்கள். கலந்தாலோசிப்பது என்றால் கேட்டுவிட்டு மீறுவது என்று பொருள்கொண்டால், அப்படி ஒரு விதி இருப்பதால் யாருக்கு என்ன பயன்?

அதே ஏப்ரல் 18 அன்று, காசாவின் கல்வி அமைப்பு திட்டமிட்டு அழிக்கப்படுகிறதா என்று கேட்டு ஐ.நா. மனித உரிமை வல்லுநர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஆறு மாதங்களில் 5,479 மாணவர்களும் 261 ஆசிரியர்களும் 95 பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் கொல்லப்பட்டதாக அதில் இருந்தது. ஒரு பல்கலைக்கழகம் என்ன செய்ய முடியும் என்று கேட்டீர்கள் அல்லவா? தன்னைப் போன்ற பிற பல்கலைக்கழகங்கள் இடிக்கப்படுவதைப் பற்றி வாய் திறக்கவாவது முடியும் என்று அந்த மாணவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இனி பணத்துக்கு வருகிறேன். முதலீட்டை விலக்கக் கோருவது கொலம்பியாவுக்குப் புதிதன்று. 1985 ஏப்ரலில், தென்னாப்பிரிக்க நிறவெறி அரசோடு தொழில் செய்யும் நிறுவனங்களின் பங்குகளை விற்கக் கோரி, மாணவர்கள் ஹாமில்டன் கட்டடத்தின் கதவுகளைச் சங்கிலியால் பூட்டி மூன்று வாரம் மறியல் செய்து, அதற்கு மண்டேலாவின் பெயரைச் சூட்டினார்கள். அந்த அக்டோபரில் அறங்காவலர்கள் சுமார் 3.9 கோடி டாலர் மதிப்புள்ள அந்தப் பங்குகளை விற்க முடிவு செய்தார்கள். 2015 இல் தனியார் சிறை நிறுவனங்களிலிருந்து முதலீட்டை விலக்கிய முதல் அமெரிக்கப் பல்கலைக்கழகமும் கொலம்பியாதான். ஆகவே "நிலைநிதியில் அரசியலைக் கலக்க முடியாது" என்ற வாதத்தை அந்த நிறுவனத்தின் வரலாறே ஏற்காது.

நடைமுறைச் சிக்கல் இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். இத்தகைய நிதியின் பெரும்பகுதியைப் பல்கலைக்கழகம் நேரடியாகப் பங்கு வாங்கி வைத்திருப்பதில்லை. வெளியார் நிர்வகிக்கும் நிதியங்களில் அது கலந்து கிடக்கிறது, எது எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. வெளிப்படையாக அறிவியுங்கள் என்ற கோரிக்கை முதலில் வைக்கப்பட்டதும் அதனாலேயே. கூடாரங்களுக்கு முன்பே, முதலீடு குறித்த ஆலோசனைக் குழுவிடம் முறைப்படி முன்மொழிவு கொடுத்து, அது நிராகரிக்கப்பட்டிருந்தது. அந்த வசந்தத்தில் கொலம்பியா கல்லூரியின் இளங்கலை மாணவர்களிடையே நடந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் முதலீட்டை விலக்க ஆதரவு தெரிவித்தார்கள். விண்ணப்பம், குழு என்று முறையான கதவுகளைத் தட்டிப் பார்த்த பிறகே அவர்கள் புல்வெளிக்கு வந்தார்கள் என்பதை, "பேசித் தீர்த்திருக்கலாமே" என்று சொல்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேச்சும் நடந்தது. ஏப்ரல் 29 அன்று ஷஃபிக் விடுத்த அறிக்கையில் இஸ்ரேலிலிருந்து முதலீட்டை விலக்க முடியாது என்று திட்டவட்டமாகச் சொன்னார். ஆனால் புதிய முன்மொழிவுகளை விரைவாகப் பரிசீலிக்கவும், நேரடி முதலீடுகளின் பட்டியலை மாணவர்கள் பார்க்க வழி செய்யவும், காசாவில் கல்விக்கும் மருத்துவத்துக்கும் உதவவும் முன்வந்ததாகக் குறிப்பிட்டார். மாணவர்கள் அதை ஏற்கவில்லை. பட்டியலைப் பார்க்கும் வழியை மட்டுமாவது எழுத்தில் வாங்கிவைத்திருந்தால் அடுத்து வந்த மாணவர்களுக்கு அது பெரிய ஆயுதமாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. கூடாரத்தில் இருந்தவர்களுக்கு அது ஏமாற்றாகத் தெரிந்திருக்கலாம்.

அன்று நள்ளிரவு கடந்ததும் சிலர் ஹாமில்டன் கட்டடத்தைக் கைப்பற்றி, அதற்கு ஹிந்த் பெயரைச் சூட்டினார்கள். ஹிந்த் ரஜப், ஆறு வயதுகூட நிரம்பாத சிறுமி. 2024 ஜனவரி 29 அன்று காசா நகரில், உறவினர்களின் சடலங்களுக்கு நடுவே காருக்குள் சிக்கிக்கொண்டு, தொலைபேசியில் செம்பிறைச் சங்கத்தாரிடம் வந்து அழைத்துப்போகச் சொல்லிக் கெஞ்சினாள். பன்னிரண்டு நாள் கழித்து அவள் உடலும், அவளை மீட்கப் போன மருத்துவ உதவியாளர்கள் இருவரின் உடல்களும் கிடைத்தன. அந்தப் பெயரை அந்தக் கட்டடத்தின் மேல் பார்த்தபோது என் கண்கள் கலங்கின. அதே நேரத்தில், இரவுப் பணியில் இருந்த துப்புரவுத் தொழிலாளர்கள் உள்ளே மாட்டிக்கொண்டதையும் கண்ணாடிகள் உடைக்கப்பட்டதையும் நான் நியாயப்படுத்த மாட்டேன். ஏப்ரல் 30 இரவு காவலர்கள் வண்டியிலிருந்து நீண்ட ஏணி வழியாக இரண்டாம் மாடி ஜன்னலுக்குள் நுழைந்ததை, மாணவர்கள் நடத்தும் டபிள்யூ.கே.சி.ஆர். வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தேன். 109 பேர் கைதானார்கள். 1968 இல் அதே கட்டடத்துக்குள் காவலர்கள் நுழைந்ததும் ஓர் ஏப்ரல் 30 தான். கட்டடத்துக்குள் கைதான 46 பேரில் 31 பேர் மீதான வழக்கைப் போதிய சான்று இல்லை என்று அரசு வழக்கறிஞர் ஜூனில் கைவிட்டார்.

யூத வெறுப்புக் குற்றச்சாட்டைத் தவிர்த்துவிட்டு இந்தப் பதிலை எழுதினால் அது நேர்மையாகாது. சியோனிஸ்டுகள், அதாவது இஸ்ரேல் என்ற யூத நாட்டை ஆதரிப்பவர்கள், வாழத் தகுதியற்றவர்கள் என்று போராட்டத்தில் முன்னணியில் இருந்த ஒரு மாணவர் பேசிய காணொளி வெளிவந்தது, அவர் வளாகத்திலிருந்து தடை செய்யப்பட்டார். வாயிலுக்கு வெளியே யூத மாணவர்களை நோக்கி வசைகள் வீசப்பட்டன. அவர்களில் பலர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த அச்சம் உண்மையானது, அதற்கு யாரும் சமாதானம் சொல்லக் கூடாது. அதே புல்வெளியில் ஏப்ரல் 22 அன்று, பாஸ்கா பண்டிகையின் முதல் இரவில், போராட்டத்தில் இருந்த யூத மாணவர்கள் தங்கள் சடங்கு விருந்தை நடத்தினார்கள் என்பதும் உண்மை. முதலாவதைக் காட்டி முழுப் போராட்டத்தையும் வெறுப்பு என்று முத்திரை குத்தியவர்கள், இரண்டாவதைப் பற்றிப் பேசியதே இல்லை.

மற்ற இடங்களில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாடு முழுவதும் 3,000 க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஏப்ரல் 30 இரவு எதிர்ப்புக் கும்பல் ஒன்று கூடாரங்களைத் தடிகளாலும் பட்டாசுகளாலும் மணிக்கணக்கில் தாக்கியது, காவல்துறை தாமதமாகவே தலையிட்டது. பிரவுன் பல்கலைக்கழகம் மாணவர்களோடு பேசி, முதலீட்டை விலக்குவது பற்றி அக்டோபரில் வாக்கெடுப்பு நடத்துவதாக உறுதியளித்தது. கூடாரங்கள் தாமாகவே கலைந்தன, சொன்னபடி வாக்கெடுப்பு நடந்து கோரிக்கை தோற்றது. அயர்லாந்தில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஐந்தே நாளில் உடன்பாடு வந்தது. ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் இயங்குவதாக ஐ.நா. பட்டியலிட்ட இஸ்ரேலிய நிறுவனங்களிலிருந்து முதலீட்டை விலக்க அது ஒப்புக்கொண்டது. 2025 ஜூனில் இஸ்ரேலிய நிறுவனங்கள் அனைத்திலிருந்தும் விலக அதன் நிர்வாகக் குழு முடிவெடுத்தது.

கொலம்பியாவில் நடந்ததோ வேறு. மே மாதத்து மையப் பட்டமளிப்பு விழா ரத்தானது. ஷஃபிக் ஆகஸ்டில் பதவி விலகினார். 2025 மார்ச்சில், யூத மாணவர்களைப் பாதுகாக்கத் தவறியதாகக் கூறி டிரம்ப் அரசு 40 கோடி டாலர் மானியங்களையும் ஒப்பந்தங்களையும் நிறுத்தியது. பேச்சுவார்த்தையில் மாணவர்கள் தரப்பில் இருந்த மஹ்மூத் கலீல், நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) வைத்திருந்தும், மார்ச் 8 அன்று குடியிருப்பு வாசலில் கைதாகி லூசியானாவில் 104 நாள் அடைக்கப்பட்டார். முதல் குழந்தை பிறந்தபோது அவர் அங்கேதான் இருந்தார். ஜூலையில் பல்கலைக்கழகம் அரசோடு உடன்பாடு செய்து, மூன்றாண்டுகளில் 20 கோடி டாலரும், அதற்கு மேல் 2.1 கோடி டாலரும் கட்ட ஒப்புக்கொண்டது. முதலீட்டுக் கேள்விக்கு மட்டும் மாணவர்கள் கேட்ட பதில் வரவில்லை.

எனவே, "ஏதாவது நடந்ததா?" என்று கேட்டால், டப்ளினில் நடந்தது, நியூயார்க்கில் கேட்டவர்கள்தாம் தண்டிக்கப்பட்டார்கள் என்பதே என் பதில்.

கடந்த ஆண்டு என் சித்தப்பா மகளுக்கு அமெரிக்காவில் முதுகலை படிக்க இடம் கிடைத்தது. அங்கே சேர்ந்தபின் காசாவுக்கான ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போடலாமா என்று தொலைபேசியில் கேட்டாள். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில், மாணவர் இதழில் வந்த ஒரு கட்டுரையில் பெயர் இருந்ததற்காக ஒரு துருக்கிய ஆய்வு மாணவி தெருவில் கைதாகி ஆறு வாரம் சிறைப்பட்டதை அவளும் படித்திருந்தாள். விசா விவகாரங்கள் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்காமல் எதிலும் பெயர் கொடுக்காதே என்று சொன்னேன். "நீங்க 2013 ல யாரைக் கேட்டுட்டு உட்கார்ந்தீங்க அண்ணா?" என்றாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.